முதல் அடி

விம்கோ நகரிலிருந்து கிளம்பும் மெட்ரோ ரயில் திருவொற்றியூர், காலடிப்பேட்டை, தண்டையார்பேட்டை, வண்ணாரப்பேட்டை, மண்ணடி எல்லாம் கடந்து உயர் நீதிமன்ற நிலையத்துக்கு வரும். இறங்காமல் உட்கார்ந்திருந்தால் கடைசியில் விமான நிலையம். 2021இல் அந்தத் தடம் எங்கள் பக்கம் நீண்டபோது வடசென்னைக்கும் ஒரு வழி பிறந்தது என்று மகிழ்ந்தவர்களில் நானும் ஒருத்தி. என்னிடம் படித்த ஒரு பெண்ணுக்கு அந்தத் தடம்தான் இப்போது வாழ்க்கை. விமான நிலையத்தில் ஏறி, மூன்றரை வயது மகனை மடியில் வைத்துக்கொண்டு வந்து திருவொற்றியூரில் இறங்கினாள். இப்போது மாதம் இரண்டு முறை திருவொற்றியூரில் ஏறி உயர் நீதிமன்றத்தில் இறங்குகிறாள். வழக்கில் தோற்றால் அதே ரயில் விமான நிலையத்துக்குப் போகும். அதில் மகனோடு அவளும் இருப்பாளா என்பதுதான் கேள்வி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ராயபுரத்தில் என் வீட்டுக்கு வந்தாள். கையில் பிளாஸ்டிக் ஃபோல்டர். அதில் அமெரிக்க நீதிமன்றம் ஒன்றின் ஆணை. கணவன் இங்கே உயர் நீதிமன்றத்தில் போட்டிருக்கும் ஆட்கொணர்வு மனுவோடு அதையும் இணைத்திருக்கிறான். “மிஸ், இதுல என்னைக் கடத்தல்காரின்னா போட்டிருக்காங்க?” என்று கேட்டாள். எஞ்சினியரிங் படித்தவளுக்கு ஆங்கிலம் தெரியாமல் இல்லை. தான் படித்ததை நம்ப முடியாமல் கேட்டாள்.

நான் சட்டம் படித்தவள் இல்லை. தமிழில் முனைவர் பட்டம் வாங்கியவள். ஆனால் சொல்லைப் பிரித்துப் பார்ப்பது என் தொழில். அதனால் அந்தச் சொல்லிலிருந்தே தொடங்குகிறேன். அவளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை விட்டுவிட்டேன். மீதி அவள் சொன்னதுதான்.

அப்பா டயர் ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கடன் வாங்கிப் படிக்கவைத்து, ‘ஆன்சைட் மாப்பிள்ளை’ என்று தேடிக் கொடுத்தார். அவனுக்கு எச்-1பி விசா. இவளுக்கு அவனைச் சார்ந்த எச்-4. எச்-4 விசாவில் இருக்கும் மனைவியருக்கு 2015 மே மாதம்வரை வேலை செய்ய அனுமதியே கிடையாது. அதன் பிறகும் கணவனின் கிரீன் கார்டு விண்ணப்பம் குறிப்பிட்ட கட்டத்தைத் தாண்டியிருந்தால்தான் அனுமதி கிடைக்கும். இவள் கணவனுடையது தாண்டவில்லை. வங்கிக் கணக்கு, வாடகை ஒப்பந்தம், கார் எல்லாம் அவன் பெயரில். அடியும் அங்கேதான் தொடங்கியது. தம்பி கல்யாணத்துக்குத் திரும்பும் டிக்கெட்டோடு வந்தாள். திரும்பவில்லை.

இதற்குத்தான் கடத்தல் என்று பெயர். எங்கள் பகுதியில் அந்தச் சொல்லுக்கு வேலை அதிகம். துறைமுகம் இருக்கும் இடத்தில் தங்கம் கடத்துவார்கள், செம்மரம் கடத்துவார்கள். தனக்கு உரிமையில்லாத பொருளை மறைத்து, லாபத்துக்காகக் கொண்டுபோவது கடத்தல். பெற்று, பால் கொடுத்து, காய்ச்சல் வந்த ராத்திரிகளில் விழித்திருந்து வளர்த்தவள் அந்தப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தன் அம்மா வீட்டுக்கு வருவதற்கு எப்படி அந்தப் பெயர் பொருந்தும்?

அடி தாங்காமல் இடுப்பில் பிள்ளையோடு தாய்வீட்டு வாசலில் வந்து நிற்பது நம் பெண்கள் காலங்காலமாக அறிந்த ஒரே மேல்முறையீடு. புகுந்த வீடு தண்டையார்பேட்டையில் இருந்து அவள் திருவொற்றியூருக்கு வந்திருந்தால் ‘கோவிச்சிக்கிட்டு வந்துட்டா’ என்று தெரு சொல்லும், அவ்வளவுதான். நடுவில் ஒரு கடல் இருந்ததால் அது குற்றமாகிவிட்டது. அமெரிக்காவில் இதற்கென்றே 1993இல் ஒரு சட்டம் போட்டார்கள். மூன்று ஆண்டுவரை சிறை.

இன்னொரு சொல் ‘வழக்கமான வசிப்பிடம்’. குழந்தை வழக்கமாக எந்த நாட்டில் வசித்ததோ அந்த நாட்டு நீதிமன்றம்தான் அதன் பொறுப்பு யாருக்கு என்று தீர்மானிக்க வேண்டும், ஆகவே முதலில் குழந்தையைத் திருப்பி அனுப்பு, மற்றதை அங்கே பேசிக்கொள்ளலாம் என்பது வாதம். கேட்பதற்கு நியாயமாக இருக்கிறது. ஆனால் அங்கே வசிக்கும் உரிமை யாருடையது? எச்-4 விசா கணவனின் விசாவில் தொங்குகிறது. விவாகரத்து ஆனால் அதுவும் போய்விடும். பிறப்பால் பிள்ளை அமெரிக்கக் குடிமகன், அப்பா வேலையில் இருப்பவன், அம்மா மட்டும் அந்த நாட்டுக்கு யாருமில்லை. எந்த வீட்டில் அவளுக்குச் சாவி கிடையாதோ அந்த வீட்டுக்கே போய் நியாயம் கேள் என்கிறார்கள்.

ராயபுரம், காசிமேடு, எண்ணூர் ஆண்கள் தலைமுறை தலைமுறையாகக் கடலில் இருக்கிறார்கள். தங்கல் மீன்பிடிப்புக்குப் போனால் நாட்கணக்கு, கப்பல் வேலை என்றால் மாதக்கணக்கு, வளைகுடா என்றால் ஆண்டுக்கணக்கு. அத்தனை நாளும் பிள்ளைகளை ஒற்றை ஆளாக வளர்ப்பவள் தாய்தான். அப்போது எந்த நீதிமன்றமும் ‘தந்தையின் அன்பு குழந்தைக்கு மறுக்கப்படுகிறது’ என்று கவலைப்பட்டதில்லை. அவன் போனால் பிழைப்பு, அவள் போனால் கடத்தல். பராமரிப்பு என்பது பெண் செய்துகொண்டிருக்கும்வரை கண்ணுக்குத் தெரியாத வேலை. அவள் அதைத் தூக்கிக்கொண்டு வெளியேறும் நாளில்தான் அதற்கு ‘கஸ்டடி’ என்று பெயர் வைத்து வழக்கு நடத்துகிறார்கள்.

நம் உச்ச நீதிமன்றம் இதில் என்ன செய்திருக்கிறது? தமிழ்நாட்டோடு தொடர்புள்ள இரண்டு வழக்குகளைச் சொல்கிறேன். சட்டப் புத்தகங்களில் பெயர்கள் இருக்கின்றன. நான் எழுதப்போவதில்லை. அந்தப் பிள்ளைகள் இன்று வளர்ந்திருப்பார்கள்.

முதலாவது, 2009 நவம்பர் 17 தீர்ப்பு. நியூயார்க் குடும்ப நீதிமன்றத்தில் 2007 ஜூன் மாதம் தாயும் தந்தையும் ஒப்புக்கொண்டு ஓர் ஆணை பெற்றார்கள். சில நாட்களில் தாய் மகனோடு இந்தியா வந்துவிட்டார். தந்தை உச்ச நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போட்டார். பல மாநிலங்களின் போலீஸ் இரண்டு ஆண்டு தேடியது. கடைசியில் சிபிஐ 2009 அக்டோபரில் தாயையும் பிள்ளையையும் சென்னையில் கண்டுபிடித்து டெல்லிக்குக் கொண்டுபோனது. பிள்ளையை அமெரிக்காவுக்குக் கொண்டுபோக வேண்டும் என்று தீர்ப்பு. அந்தத் தாய் தானே ஒப்புக்கொண்ட ஆணையை மீறினார் என்பது உண்மை. ஆனால் இன்னொன்றையும் கவனியுங்கள். அவர் மீது அங்கே பிடியாணை இருந்தது. அதைச் செயல்படுத்த வேண்டாம் என்று அமெரிக்க அதிகாரிகளைக் கேட்டுக்கொள்ளும்படி தந்தைக்கு உச்ச நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. அந்த நாட்டில் அவர் கைதாகாமல் நடமாடுவதற்கே எதிராளி மனம் வைக்க வேண்டும்.

ஆட்கொணர்வு மனு எதற்காக வந்தது என்பதை மறந்துவிடக் கூடாது. நெருக்கடிநிலைக் காலத்தில் போலீஸ் கொண்டுபோன மகனைக் கேட்டு 1977இல் ஈச்சர வாரியர் கேரள உயர் நீதிமன்றத்தில் போட்டது அந்த மனுதான். அரசு ஆளை மறைத்தால் ஆளைக் கொண்டுவந்து காட்டு என்று குடிமக்கள் கேட்பதற்கான ஆயுதம் அது. இன்று பாட்டி வீட்டில் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருக்கும் பிள்ளையைச் ‘சட்டவிரோதக் காவலில்’ இருப்பவன் என்று சொல்லி அதே ஆயுதத்தைத் தாயின் மீது திருப்புகிறார்கள். குடும்பநல நீதிமன்றத்தில் சாட்சி விசாரணை நடந்தால் அவன் என்ன செய்தான் என்பதும் வெளியே வரும். ஆட்கொணர்வு மனுவில் அதற்கு இடம் குறைவு. குழந்தை எங்கே, எந்த நாட்டு ஆணை கையில் இருக்கிறது என்று பார்த்துச் சீக்கிரம் முடித்துவிடலாம். இந்த வழியை வக்கீல்கள் விரும்புவதற்குக் காரணம் அந்தச் சீக்கிரம்தான்.

இரண்டாவது, 2015 பிப்ரவரி 27 தீர்ப்பு. எதிர்மனுதாரர் பட்டியலில் தமிழ்நாடு அரசும் இருந்தது. சென்னையில் கல்யாணம், பிரிட்டனில் வாழ்க்கை, இரண்டு பெண் குழந்தைகள். 2012 ஆகஸ்டில் தாய் பிள்ளைகளோடு கோயம்புத்தூர் வந்தார். அதே மாதம் அங்குள்ள குடும்பநல நீதிமன்றத்தில் விவாகரத்து கேட்டு மனு போட்டார். தந்தை நவம்பரில் பிரிட்டன் உயர் நீதிமன்றத்துக்குப் போனார். சில நாட்களிலேயே பிள்ளைகளைத் திருப்பிக் கொண்டுவர வேண்டும் என்று அந்த நீதிமன்றம் ஆணையிட்டது. தந்தையின் ஆட்கொணர்வு மனுவைச் சென்னை உயர் நீதிமன்றம் 2013இல் தள்ளுபடி செய்தது. உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. பிள்ளைகளைப் பிரிட்டனுக்குக் கொண்டுபோ, இல்லையென்றால் தந்தையிடம் ஒப்படை என்றது. அதற்குச் சொன்ன காரணங்களில் ஒன்றுக்கு அந்த நீதிமன்றமே வைத்த பெயர் ‘முதல் அடி’. எந்த நாட்டு நீதிமன்றம் முதலில் பயனுள்ள ஆணை ஒன்றைப் பிறப்பித்ததோ அதற்கு மற்ற நாட்டு நீதிமன்றம் மதிப்பளிக்க வேண்டும்.

நாட்களை எண்ணிப் பாருங்கள். முதலில் நீதிமன்றப் படி ஏறியவர் அந்தப் பெண். ஆகஸ்டில் ஏறினார். கோயம்புத்தூர் நீதிமன்றம் ஆணை எதுவும் பிறப்பிக்காமல் இருந்தது. நவம்பரில் போனவருக்கு அங்கே உடனே கிடைத்தது. நம் நீதிமன்றத்தின் தாமதத்துக்கு அவர் விலை கொடுத்தார். வாய்தா வாங்கி வாங்கிப் பழகிய நாட்டில், வேகமாக ஆணை தரும் நாட்டுக்குத்தான் மரியாதை என்றால், இங்குள்ள நீதிமன்றத்தை நம்பி வந்த எந்தப் பெண்ணும் பந்தயம் தொடங்கும் முன்பே தோற்றவள்.

அந்தக் குடும்பத்துக்குள் என்ன நடந்தது என்று தீர்ப்புச் சொல்ல எனக்கு உரிமையில்லை. நான் பேசுவது அந்த விதியைப் பற்றி. முதல் அடியை எந்த நீதிமன்றம் வைத்தது என்று கேட்பதற்கு முன், வீட்டில் முதல் அடியை யார் அடித்தது என்று கேட்டிருக்க வேண்டாமா? இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவது அது ஒன்றுதான். ‘குழந்தையை யார் தூக்கிப்போனது?’ என்பதை முதல் கேள்வியாக வைக்கும் எந்தச் சட்டமும், அது எந்த நாட்டுச் சட்டமானாலும், தூக்கிப்போக வைத்தவனைக் காப்பாற்றும்.

எங்கள் ஊரில் இதற்கு ஒரு பழைய கதை உண்டு. சுந்தரர் திருவொற்றியூரில் சங்கிலியாரைக் கல்யாணம் செய்கிறார். ஏற்கெனவே திருவாரூரில் பரவையார் இருக்கிறார். உன்னைப் பிரிய மாட்டேன் என்று சத்தியம் செய்ய வேண்டும். சுந்தரர் ஒரு தந்திரம் செய்கிறார். நான் சன்னிதியில் சத்தியம் செய்யும்போது நீர் அங்கே இருக்கக் கூடாது, மகிழ மரத்தடிக்குப் போய்விடும் என்று சிவனிடமே ஏற்பாடு செய்துகொள்கிறார். சிவனோ அதைச் சங்கிலியார் தரப்புக்குத் தெரியப்படுத்திவிடுகிறார். மகிழடியிலேயே சத்தியம் செய்யும்படி அவர்கள் கேட்க, சுந்தரர் மாட்டிக்கொள்கிறார். பிறகு சத்தியத்தை மீறி ஊர் எல்லையைத் தாண்டியதும் இரண்டு கண்ணும் போகிறது. மாசித் திருவிழாவில் இன்றும் மகிழடி சேவை நடக்கிறது. கூட்டத்தில் நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டுதான் நானும் வளர்ந்தேன்.

எந்த இடத்தில் சத்தியம் செய்தால் தனக்கு வசதி என்று தேடியதற்கு இன்று வக்கீல்களிடம் வேறு பெயர் இருக்கிறது. காரியம் ஒன்றுதான். வசதி உள்ளவன் தனக்குச் சாதகமான நீதிமன்றத்தைத் தேர்ந்தெடுக்கிறான். கதையில் சங்கிலியார் பக்கம் துப்புச் சொல்லக் கடவுள் இருந்தார். சரி, அதற்குப் பிறகு? சுந்தரருக்குக் காஞ்சியில் ஒரு கண்ணும் திருவாரூரில் ஒரு கண்ணும் திரும்பக் கிடைத்தன. திருவொற்றியூரில் விட்டுவந்த பெண்ணுக்கு என்ன கிடைத்தது என்று வகுப்பில் நான் கேட்கும்போதெல்லாம் மாணவிகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள்.

‘முதல் அடி’ விதியை 2017 ஜூலையில் மூன்று நீதிபதிகள் அமர்வு ஏற்க மறுத்தது. வெளிநாட்டு நீதிமன்றத்தின் ஆணை கவனிக்க வேண்டிய விஷயங்களில் ஒன்று மட்டுமே, குழந்தையின் நலன்தான் எல்லாவற்றுக்கும் மேல் என்றது. பிரிட்டனிலிருந்து மகளோடு வந்த ஒரு தாய்க்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. வரவேற்க வேண்டிய தீர்ப்புதான். ஆனால் அதைத் தாங்கி நிற்கும் தூண்களில் ஒன்று, பெண் குழந்தைக்குத் தாயின் அருகாமை வேண்டும் என்ற எண்ணம். தாய்மைக்குக் கிடைத்த சலுகை அது. சலுகையை நல்ல அம்மாவுக்குத்தான் கொடுப்பார்கள். வேலைக்குப் போகிறவள், மறுமணம் செய்ய நினைப்பவள், மனச்சோர்வுக்கு மருந்து சாப்பிடுபவள் என்று வரும்போது அதே தராசு மறுபக்கம் சாயும். அதன் பிறகு 2020இலும் 2022இலும் பிள்ளைகளை அமெரிக்காவுக்கு அனுப்பச் சொன்ன தீர்ப்புகள் வரவே செய்தன.

அவற்றில் 2022 ஜனவரித் தீர்ப்பு ஒன்று என்னைத் தூங்கவிடவில்லை. பிள்ளையோடு அமெரிக்காவுக்குப் போ என்று தாயை நீதிமன்றம் கட்டாயப்படுத்த முடியாது, எங்கே வாழ்வது என்பது அவளுடைய அந்தரங்க உரிமை என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. நல்ல வாக்கியம். ஆனால் பிள்ளை போக வேண்டும். தாய் விரும்பினால் கூடப் போகலாம், விரும்பாவிட்டால் பிள்ளை மட்டும் தந்தையோடு போகும். பெண்ணின் உரிமை என்று நாம் போராடி வாங்கிய சொல்லே பிள்ளையையும் தாயையும் வெட்டும் கத்தியாக ஆனதை நான் அதில் பார்த்தேன். பிள்ளையை விட்டுவிட்டு இங்கே இரு, அல்லது பிள்ளைக்காக அங்கே போய் நில். இரண்டில் ஒன்றை எடுத்துக்கொள்ளும் சுதந்திரம் அவளுக்கு உண்டாம்.

இனி ஹேக் உடன்படிக்கை. 1980 அக்டோபர் 25இல் உருவானது. 16 வயதுக்குட்பட்ட குழந்தையை ஒரு பெற்றோர் வேறு நாட்டுக்குக் கொண்டுபோனால் விரைவாகத் திருப்பி அனுப்ப வேண்டும் என்பது அதன் சாரம். 100க்கும் மேற்பட்ட நாடுகள் அதில் இருக்கின்றன. இலங்கை 2001இல் சேர்ந்தது. இந்தியா சேரவில்லை. சேரச் சொல்லி அமெரிக்கா ஆண்டுதோறும் நெருக்குகிறது. சட்ட ஆணையம் 2009இல் தன் 218வது அறிக்கையில் சேரலாம் என்றது. 2016இல் 263வது அறிக்கையில் ஒரு மசோதாவே எழுதிக் கொடுத்தது. நீதிபதி ராஜேஷ் பிந்தல் தலைமையிலான குழு 2018இல் அறிக்கை தந்தது. சட்டம் எதுவும் வரவில்லை.

அந்த உடன்படிக்கையை எழுதியவர்கள் மனதில் இருந்தவன், விவாகரத்தில் பிள்ளையைப் பறிகொடுத்த கோபத்தில் தூக்கிக்கொண்டு ஓடும் தந்தை. நடந்தது வேறு. 2021ஆம் ஆண்டு ஹேக் மனுக்களை ஆராய்ந்தவர்கள், பிள்ளையைக் கொண்டுபோனவர்களில் நான்கில் மூன்று பங்கு தாய்மார்கள் என்று கண்டார்கள். தந்தையிடமிருந்து தாயைக் காக்க வந்த சட்டம் தாயைத் துரத்தும் சட்டமாகிவிட்டது. திருப்பி அனுப்பினால் குழந்தைக்குக் கடுமையான ஆபத்து என்றால் மறுக்கலாம் என 13வது பிரிவில் விலக்கு இருக்கிறது. ஆனால் குழந்தைக்கு ஆபத்து என்று நிரூபிக்க வேண்டும். தாயை அடிப்பது குழந்தைக்கு ஆபத்து ஆகுமா என்று ஒவ்வொரு நாட்டிலும் ஒவ்வொரு பெண்ணும் முதலிலிருந்து வாதாட வேண்டியிருக்கிறது.

ஆகவே இந்தியா கையெழுத்திடாததே நல்லது, நம் பெண்களுக்குப் பாதுகாப்பு என்று சிலர் சொல்கிறார்கள். நம் இயக்கங்களிலும் இதைக் கேட்கிறேன். இதையும் நான் ஏற்கவில்லை. என் மாணவியின் கதையைச் சொன்ன நாக்கால் எண்ணூரில் எனக்குத் தெரிந்த ஓர் அம்மாவின் கதையையும் சொல்ல வேண்டும். அவருடைய மகள் வெளிநாட்டில் இருக்கிறாள். ‘அம்மாவுக்குப் பேரனைக் காட்டிவிட்டு வருகிறேன்’ என்று மருமகன் பிள்ளையைக் கூட்டிவந்தான். தென்மாவட்டத்தில் தன் பெற்றோர் வீட்டில் விட்டுவிட்டுத் திரும்பிப் போய்விட்டான். அந்தப் பெண் இங்கே வந்தால் விசா சிக்கலில் திரும்பிப் போக முடியாது. போகாவிட்டால் வேலை போகும், வழக்கு நடத்தப் பணம் இருக்காது. எண்ணூர்ப் பாட்டி பேரனைப் பார்க்க ராத்திரி பஸ் பிடித்துப் போய், வாசலிலேயே நின்றுவிட்டுத் திரும்பினார். அங்கே கடத்தல் என்ற சொல்லை யாரும் உச்சரிக்கவில்லை. ‘அப்பா வீட்டுலதானே இருக்கு?’ என்று கேட்டார்களாம்.

அப்பா வீட்டில் இருந்தால் அது வீடு, அம்மா வீட்டில் இருந்தால் அது காவல். இந்த நினைப்புக்கு நம் சட்டத்திலேயே எழுத்து இருக்கிறது. 1956ஆம் ஆண்டு இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டத்தின் 6வது பிரிவுப்படி குழந்தையின் இயற்கைக் காப்பாளர் தந்தை, ‘அவருக்குப் பின்’ தாய். எழுத்தாளர் கீதா ஹரிஹரன் 1984இல் மகன் பெயரில் ரிசர்வ் வங்கிப் பத்திரம் வாங்கப் போனபோது தந்தையின் கையெழுத்தைக் கேட்டார்கள். அவர் வழக்குப் போட்டார். 1999 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் ‘பின்’ என்பதற்கு ‘அவர் இல்லாதபோது’ என்று பொருள் சொல்லிச் சமாளித்தது. சொல் அப்படியே இருக்கிறது. தாயையும் தந்தையையும் சமமான காப்பாளர்களாக்கு என்று சட்ட ஆணையம் 2015இல் 257வது அறிக்கையில் சொன்னது. அதுவும் அலமாரியில் இருக்கிறது. தன் சட்டத்தில் தாயை இரண்டாம் இடத்தில் வைத்திருக்கும் அரசு, உலக அரங்கில் ‘எங்கள் பெண்களைக் காக்கவே கையெழுத்திடவில்லை’ என்று சொன்னால் நான் ஏன் நம்ப வேண்டும்? சட்டம் இல்லாத இடத்தில் பாதுகாக்கப்படுவது பெண் அல்ல. பிள்ளை யார் கையில் இருக்கிறதோ, யாருக்கு ஆள்பலமும் பணபலமும் இருக்கிறதோ அவர்கள்தான்.

குழந்தைக்கு அப்பா வேண்டாமா என்று கேட்பார்கள். வேண்டும். என் மாணவியின் மகன் அப்பாவின் குரல் கேட்டால் போனைப் பிடுங்குகிறான். அவளும் கொடுக்கிறாள். குழந்தைக்குப் பெற்றோர் இருவரின் அன்புக்கும் உரிமை உண்டு என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. பொய்ப் புகார் சொல்லும் பெண்களே இல்லை என்றும் நான் சொல்லவில்லை. அதற்குத்தானே விசாரணை? நான் கேட்பது சலுகையை அல்ல, விசாரணையை. அவள் சொல்வதைக் கேட்டு, சாட்சியைப் பார்த்து, பிள்ளையிடம் பேசி, அதன் பிறகு ஒரு முடிவுக்கு வா என்கிறேன். கேட்காமலே விமானத்தில் ஏற்றாதே என்கிறேன்.

என்ன வேண்டும் என்பதைத் தெளிவாகவே சொல்லலாம். குழந்தையைத் திருப்பி அனுப்பக் கேட்கும் எந்த மனுவிலும் வீட்டு வன்முறை பற்றிய விசாரணை முதலில் நடக்க வேண்டும். தாயை அடிப்பதைப் பார்த்து வளர்வதும் குழந்தைக்கு ஆபத்து என்று சட்டத்தில் எழுத வேண்டும். அனுப்பித்தான் ஆக வேண்டும் என்றால், தாய்க்குத் தனி விசா, கணவன் வீடல்லாத தங்குமிடம், செலவுக்குப் பணம், அந்த நாட்டில் வக்கீல், கைது செய்ய மாட்டோம் என்ற உறுதி ஆகிய ஐந்தும் அங்குள்ள நீதிமன்றத்தின் ஆணையாகக் கைக்கு வந்த பிறகே விமான டிக்கெட் போட வேண்டும். கணவனின் வாக்குறுதிக் கடிதம் போதாது. இங்குள்ள குடும்பநல நீதிமன்றங்கள் இப்படிப்பட்ட வழக்குகளில் இடைக்கால ஆணையைச் சில வாரங்களுக்குள் தர வேண்டும். 1956 சட்டத்தில் அந்தப் ‘பின்’ போக வேண்டும். இவ்வளவும் எழுதிய ஒரு சட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு, ஹேக்கில் சேர்வதா வேண்டாமா என்று அப்புறம் பேசலாம்.

சட்டம் வரும்வரை காத்திருக்க முடியாத பெண்களுக்கு, இருக்கும் சட்டத்திலேயே சில கதவுகள் உண்டு. 2005ஆம் ஆண்டு வீட்டு வன்முறைச் சட்டப்படி, பாதிக்கப்பட்ட பெண் தற்காலிகமாகத் தங்கியிருக்கும் இடத்து மாஜிஸ்திரேட்டிடமே மனு கொடுக்கலாம். குழந்தையை இப்போதைக்கு யார் வைத்துக்கொள்வது என்று அவரே ஆணையிட 21வது பிரிவு இடம் தருகிறது. இலவசச் சட்ட உதவி பெறப் பெண்களுக்கு வருமான வரம்பு கிடையாது. 1987ஆம் ஆண்டுச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. வெளிநாட்டுக்குக் கல்யாணமாகிப் போகும் மாணவிகளுக்கு நான் இப்போது புடவையோடு இன்னொன்றும் கொடுக்கிறேன். ஒரு துண்டுத்தாள். உன் பாஸ்போர்ட்டும் பிள்ளையின் பாஸ்போர்ட்டும் உன் கையில் இருக்கட்டும், உன் பெயரில் ஒரு வங்கிக் கணக்கு இருக்கட்டும், அடித்தால் அங்கேயே புகார் கொடுத்து அதன் நகலை வைத்துக்கொள், வெறுங்கையோடு வந்தால் இங்கே உன்னை நம்ப மாட்டார்கள். கல்யாணத்தில் இப்படியா எழுதிக் கொடுப்பது என்று சில தாய்மார் முகம் சுளிக்கிறார்கள். சுளிக்கட்டும்.

என் மாணவியிடம் அந்தத் தாள் இல்லை. அவள் போன காலத்தில் எனக்கும் இதெல்லாம் தெரியாது. அங்கே அவள் புகார் கொடுக்கவில்லை. கொடுத்தால் அவன் வேலை போய்விடும், வேலை போனால் விசா போய்விடும், பிள்ளையோடு எல்லோரும் தெருவில் நிற்க வேண்டும் என்று பயந்தாள். புகார் ஏன் இல்லை என்று எதிர்த்தரப்பு வக்கீல் இப்போது கேட்கிறார்.

ரயிலில் போகும்போதெல்லாம் மகன் ஜன்னலோரம் உட்கார்ந்து, “ஏர்போர்ட் போறோமாம்மா?” என்று கேட்கிறானாம். ஆசையாகக் கேட்கிறானா பயந்து கேட்கிறானா என்று அவளுக்குத் தெரியவில்லை. “இல்லடா, கோர்ட்டுல இறங்கிடுவோம்” என்கிறாள். அடுத்த வாய்தா புதன்கிழமை. கல்லூரியில் விடுப்புச் சொல்லிவிட்டேன், நானும் போகிறேன். உங்கள் தெருவிலும் இப்படிப் பிள்ளையோடு திரும்பி வந்து நிற்கும் ஒருத்தி இருப்பாள். ஏன் வந்தாய் என்று கேட்காதீர்கள். எந்த நாளில் வாய்தா என்று கேளுங்கள்.